பத்து ரூபாய் பிரிண்டும் இரண்டாயிரம் லேபிளும்

என்னவர் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் ஆசிரியர். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, வீட்டிலேயே கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், லேபிள் எல்லாம் டிசைன் செய்து கொடுக்கிறேன். படித்த டி.டி.பி. வீணாக வேண்டாமே என்று ஆரம்பித்தது, இப்போது மளிகைச் செலவைத் தாங்குகிறது. இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்காக நான் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், பக்கத்துக் கிராமத்து மகளிர் குழுவினர் சாமை அரிசிப் பாக்கெட்டுக்கு லேபிள் கேட்டு வந்தார்கள். "வாத்தியாரம்மா, கண்காட்சியில வைக்கணும், பளிச்சுனு போட்டுக் குடுங்க" என்றார்கள். மூன்று நாள் உட்கார்ந்து செய்து, செல்போனில் படம் அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் வந்தது. 2,000 ஸ்டிக்கர் அச்சாகி வந்தாயிற்று. கட்டைப் பிரித்ததும் குழுத் தலைவி, "எங்க லைசென்ஸ் நம்பர்ல ஒண்ணு குறையுதேம்மா?" என்றார். உணவு உரிம எண் 14 இலக்கம். நான் போட்டிருந்தது 13!

போனில் அவர்களும் பார்க்கவில்லைதான். ஆனால் தப்பு என்னுடையது. சாமையை இடித்துப் புடைத்துச் சேர்த்த காசை அவர்களிடம் எப்படி மறுபடி கேட்பது? கைக்காசு 4,000 ரூபாய் போட்டு வேறு அடித்துக் கொடுத்தேன். கூலியும் வாங்கவில்லை. என்னவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்து, எவ்வளவு அவசரம் என்றாலும் பத்து ரூபாய் செலவழித்து அசல் அளவில் ஒரு கலர் பிரிண்ட் எடுத்துவிடுவேன். ஒருவர் படிக்க, ஒருவர் விரல் வைத்துச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, பேக் செய்த தேதி, எதற்குள் பயன்படுத்தணும், முகவரி, புகாருக்கான போன் நம்பர், உரிம எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

தமிழ் எழுத்து விஷயத்திலும் உஷார்! நம்மிடம் இருக்கும் ஃபான்ட் அச்சகத்தில் இல்லாவிட்டால் எல்லாம் கொக்கியும் கோடுமாகிவிடும். எழுத்துகளை 'கர்வ்' ஆக்கி, பி.டி.எஃப்.பாக அனுப்புங்கள். வெட்டுவதற்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடணும். திரையில் ஜொலிக்கும் நீலமும் பச்சையும் நாலு மையில் அடிக்கும்போது மங்கித்தான் வரும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் கேட்கக் கூச்சப்படக் கூடாது. பாதி அட்வான்ஸ் வாங்காமல் நான் மவுஸைத் தொடுவதில்லை. இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் காசு. "சின்ன டிசைன்தானே, சும்மா போட்டுத் தாயேன்" என்று வரும் சொந்தக்காரர்களுக்குப் பாதி ரேட். (என் நாத்தனாருக்கும்தான்!) சிறுதொழில் என்று 'உத்யம்' இணையதளத்தில் பதிவதற்குக் கட்டணமே கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

போன மாதம் அதே குழுவினர் தேன் பாட்டில் லேபிளுக்கு வந்தார்கள். தலைவியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 14 எண்ணையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

– ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர்.