கம்பிக்கூட்டில் ஒரு கனசதுரம்

ஒகேனக்கல் சென்று வந்தவர்கள் காவிரியில் பரிசல் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அதைப் பின்னுவதைக் கண்டவர் சிலரே. மூங்கில் பிளாச்சுகளால் அடிப்பாகத்தை முதலில் பின்னி, பிறகு பக்கங்களை வளைத்துக் கட்டுவார்கள். தார் பூசிய உறையைப் போர்த்தும் வரை அது வெறும் கூடுதான். வடிவம் வந்துவிட்டது, ஆனால் ஏறிச் செல்ல முடியாது. கணிப்பொறியில் பொருள்களை வரையும் கலையிலும் இத்தகைய கூடு உண்டு. அதனை ‘வயர்ஃபிரேம்’, அதாவது கம்பிக்கூட்டு மாதிரி என்பர்.

கனசதுரத்துக்கு 8 முனைகள், 12 விளிம்புகள், 6 முகங்கள் என்று கணித வகுப்பில் படித்திருக்கிறோம். வரைபடத்தாளில் ஒரு புள்ளிக்கு இரண்டு எண்கள் போதும். இங்கு உயரத்துக்கும் ஓர் எண் வேண்டும். (0, 0, 0), (10, 0, 0), (10, 10, 0), (0, 10, 0) ஆகிய புள்ளிகளை வரிசையாக இணைத்து, கடைசிப் புள்ளியை முதற்புள்ளியோடு சேர்த்தால் தரையில் ஒரு சதுரம் கிடைக்கும். அதைப் படியெடுத்து 10 அலகு உயரத்தில் வைத்து, மூலைகளில் நான்கு செங்குத்துக் கோடுகள் போட்டால் வேலை முடிந்தது. நேர் மேலிருந்து பார்த்தால் திரையில் ஒரு சதுரந்தான் தெரியும்! சாய்வாகத் திருப்பினால்தான் பெட்டி எழுந்து நிற்கும். 8 முனைகளுக்குரிய 24 எண்களும், எந்த முனை எதனோடு சேர்கிறது என்ற பட்டியலும் தவிர கணிப்பொறிக்கு வேறொன்றும் தெரியாது.

1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை அமைத்து, ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைந்து காட்டினார். அதே ஆண்டில் திமோதி ஜான்சன் அதனை முப்பரிமாணத்துக்கு விரித்தார். அக்காலக் கணிப்பொறிகளின் நினைவகம் மிகச் சிறியது. கோடுகளோடு நிறுத்திக்கொண்டது அதற்கு ஏற்ற சிக்கனமே.

இனி குறைக்கு வருவோம். எங்களுக்கு மிகச் சுவையாகப்பட்டது இதுதான். கூட்டுக்கு முனை உண்டு, விளிம்பு உண்டு, முகம் இல்லை. முகம் இல்லாததால் எதுவும் எதையும் மறைப்பதில்லை. மறைந்த விளிம்பை நாம் நோட்டில் புள்ளிக்கோடாகப் போடுவோமே, அதைக் கூடக் கணிப்பொறியால் தானாகச் செய்ய முடியாது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது? கனசதுரக் கோட்டுப் படத்தை உற்று நோக்கினால் இரண்டும் மாறி மாறித் தோன்றும். இத்தகைய மாற்றத்தை 1832-இல் லூயி நெக்கர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் எழுதி வைத்தார்.

இது வெறும் வேடிக்கையன்று. பெரிய கனசதுரத்தின் நடுவே சிறியது ஒன்றை வரைந்து, மூலைக்கு மூலை கோடு இழுங்கள். நடுவில் ஒரு துளை இருப்பதாகக் கொண்டால், அது இடவலமாகச் செல்கிறதா, முன்பின்னாகவா, மேல்கீழாகவா? மூன்றுக்கும் கோடுகள் ஒன்றே! பட்டறையில் ஒருவர் தவறான பக்கம் துளையிட்டால் இரும்பும் உழைப்பும் வீண். கூட்டின் எடையையோ கன அளவையோ கணக்கிடவும் வழியில்லை. ஆகையால்தான் முகங்களையும் உட்பகுதியையும் அறிந்த மாதிரிகள் பின்னர் வந்தன. எனினும் வடிவத்தைத் தொடங்கவும், விரைவாகத் திருப்பிப் பார்க்கவும் கம்பிக்கூடு இன்றும் பயன்படுகிறது.

கணிப்பொறி இல்லாத தோழியர் சம நீளமுள்ள 12 ஈர்க்குச்சிகளையும் 8 களிமண் உருண்டைகளையும் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் சற்று நேரம் பாருங்கள். பின்பக்கம் முன்பக்கமாகப் புரளும். அப்போது மெல்லத் தலையை அசைத்தால், மேசைமேல் இருக்கும் கூடு தானே திரும்புவது போலத் தோன்றும்.