வேன் எஞ்சினின் மூச்சுக்குழாய்

மாணவர்களே, பழைய பெட்ரோல் வேன் ஒன்று சிவப்பு விளக்கில் நிற்கும்போது குலுங்குகிறது. 'உஸ்ஸ்' என்று ஓசையும் வருகிறது. வேகமெடுத்தால் குலுக்கல் குறைகிறது. பட்டறைக்காரரின் சந்தேகம் இன்டேக் மேனிஃபோல்ட் பக்கம் போகும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் கிளைக்குழாய் அது.

எஞ்சின் காற்றை உறிஞ்சுவதாகச் சொல்கிறோம். உண்மையில் பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வளிமண்டலம்தான் காற்றைத் தள்ளுகிறது. வெளியே சுமார் 100 கிலோபாஸ்கல். வேன் நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது மேனிஃபோல்டுக்குள் பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. கேஸ்கெட்டில் சிறு வெடிப்பு இருந்தாலும் அளக்கப்படாத காற்று புகுந்துவிடும். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று என்ற கணக்கு கெடும். வேகமெடுக்கும்போது காற்றுக் கதவு அகலத் திறப்பதால் உள்ளழுத்தம் உயர்ந்து, கசிவும் குறையும்.

கழற்றுமுன் எஞ்சின் ஆறவேண்டும். பேட்டரியின் எதிர்முனையைத் துண்டித்து, எரிபொருள் குழாயின் அழுத்தத்தையும் இறக்குவார்கள். போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுநோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்துவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக விடுவித்தால் விசை மறுபக்கத்தில் குவிந்து அலுமினியம் வளையலாம். வளைந்த முகத்தில் புதுக் கேஸ்கெட்டும் கசியும்.

மேனிஃபோல்டைத் தூக்கியதும் திறந்த துவாரங்களைச் சுத்தமான துணியால் அடைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிகக் குறுகிய இடைவெளியே இருக்கும். ஒரு சிறு நட்டு வால்வு வழியே உள்ளே போனால், எஞ்சினை முடுக்கிய சில நொடிகளில் பிஸ்டன் நொறுங்கலாம். அதனால் துணிகளை எண்ணி வைப்பார்கள். பூட்டுமுன் எண்ணி எடுப்பார்கள்.