வாசலில் எதை வைக்கலாம்: குண்டுமல்லியா, ரங்கூன் மல்லியா?

நிலக்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோகும் குடும்பங்களில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வாசலில் கொஞ்சம் இடம் இருக்கு, எதை வைக்கலாம்? "மல்லிகை வைங்க, தலைக்கும் ஆச்சு, சாமிக்கும் ஆச்சு" என்பார்கள் பெரியவர்கள். யாரோ வீட்டு முகப்பில் வெள்ளையும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ரங்கூன் மல்லியைக் காட்டி, "இதுதான் வேணும்" என்று நிற்பார்கள் பிள்ளைகள்.

நர்சரியில் இரண்டும் ஒரே அளவுப் பையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் மூன்று வருடம் கழித்துப் பாருங்கள். ஒன்று இடுப்பளவு உயரத்தில் புதராக நிற்கும். மற்றொன்று மொட்டை மாடியை எட்டி, பக்கத்துக் கம்பியைத் தேடிக்கொண்டிருக்கும். எனவே நடுவதற்கு முன்பே இரண்டின் குணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

பெயரில் மட்டும்தான் உறவு

குண்டுமல்லியும் ரங்கூன் மல்லியும் ஒரே இனம் இல்லை. குண்டுமல்லியின் தாவரக் குடும்பத்தில்தான் முல்லை, பிச்சி, பவளமல்லி எல்லாம் இருக்கின்றன. ஆலிவ் மரமும் அந்தக் குடும்பம்தான். ரங்கூன் மல்லியோ மருத மரம், கடுக்காய், நாட்டு வாதாம் ஆகியவற்றின் உறவு. மாலையில் மலர்ந்து மணக்கும் வெள்ளைப் பூ என்பதால் அதற்கும் நம் ஊரில் மல்லி என்று பெயர் வந்துவிட்டது.

குண்டுமல்லி இந்த வட்டாரத்தின் பெருமை. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையோடு திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் விளையும் மல்லியும் அதில் சேரும். கடல் கடந்தும் இதற்கு மதிப்பு உண்டு. பிலிப்பைன்ஸ் நாடு இதே மல்லியை 1934-ல் தன் தேசிய மலராக அறிவித்தது.

செடி கொடியாகும், கொடி செடியாக நிற்கும்

மல்லிகையைச் செடி என்கிறோம். ஆனால் வெட்டாமல் விட்டால் அதுவும் நீளமாகக் கிளைவிட்டுப் பக்கத்தில் உள்ளதன் மேல் சாயும். தோட்டத்தில் அது குத்துச் செடியாக நிற்பதற்குக் காரணம் வருடா வருடம் விழும் கவாத்துதான்.

ரங்கூன் மல்லி இதற்கு நேர் எதிர். சின்ன வயதில் தனியாக நிற்கும் செடி மாதிரியே இருக்கும். பிறகு ஒரு நாள் நீண்ட தண்டுகளை வீசத் தொடங்கும். இலை உதிர்ந்தாலும் காம்பின் அடிப்பகுதி முள் போலத் தண்டிலேயே தங்கிவிடும். அதைக் கொக்கி போலப் பயன்படுத்தி மேலே ஏறும். செடியா கொடியா என்று தெரியாத இந்தக் குணத்தால், "யார்? எது?" என்று பொருள்படும் குயிஸ்குவாலிஸ் என்ற லத்தீன் பெயரைத்தான் முதலில் இதற்கு வைத்தார்கள்.

இதன் பூ நிறம் மாறுவதும் காரணத்தோடுதான். மாலையில் வெள்ளையாக விரிந்து மணம் வீசும். இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்து நல்ல சிவப்பாகும்போது பகலில் தேனீயும் மற்ற பூச்சிகளும் வரும். ஒரே கொத்தில் மூன்று நிறம் தெரிவது இதனால்தான்.

வெயிலும் தண்ணீரும்

குண்டுமல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். மதில் நிழலிலோ மரத்தடியிலோ வைத்தால் இலை தழைக்கும், பூ வராது. "செடி நல்லாத்தான் இருக்கு, ஆனா பூக்க மாட்டேங்குது" என்பவர்கள் முதலில் வெயில் விழுகிறதா என்று பாருங்க. தண்ணீர் தேங்காத மண்ணாகவும் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை தெளித்தால் சரியாகும்.

ரங்கூன் மல்லி அரை நிழலிலும் சமாளிக்கும். வெயில் கூடினால் பூவும் கூடும். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் காட்டினால் போதும், பிறகு வறட்சியைத் தாங்கும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள தெருவில் இது பெரிய வசதி. மேற்குப் பக்கம் பந்தல் போட்டு ஏற்றினால் பிற்பகல் வெயில் சுவரில் நேராக விழாது, அறைக்குள் சூடு குறையும்.

நடுவதும் வெட்டுவதும்

மல்லிகையை ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய தொழு உரம் போட்டு, வேர்பிடித்த பதியனை வையுங்கள். செடிக்குச் செடி நாலடி இடைவெளி வேண்டும். இந்தப் பகுதித் தோட்டங்களுக்கு நெடுங்காலமாக ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலிருந்துதான் பதியன் வருகிறது.

நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மீதியை வெட்டிவிட வேண்டும். பச்சைச் செடியை வெட்ட மனசு வராதுதான். ஆனால் மொட்டு புதுத் துளிரில்தான் வரும். கவாத்து செய்யாத செடி மார்ச் சீசனில் ஏமாற்றும். வெட்டியதும் உரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள். அடுத்த உரம் ஜூன், ஜூலையில்.

ரங்கூன் மல்லிக்கு ஒரு சீசன் பூத்து ஓய்ந்ததும் நன்றாகக் குறைத்து வெட்டினால் போதும். வேரிலிருந்து பக்கக் கன்று முளைத்துக்கொண்டே இருக்கும், அதையும் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டால் பந்தலே பாரம் தாங்காது. மூங்கில் பந்தல் இதற்குக் காணாது, இரும்புக் குழாய்தான் நல்லது.

பூ யாருக்கு? பணம் வருமா?

குண்டுமல்லி மார்ச் முதல் ஜூன், ஜூலை வரை அள்ளிக் கொடுக்கும். பனிக்காலத்தில் குறையும். ஆனால் மொட்டை விடியற்காலையிலேயே பறித்துவிட வேண்டும். பறிக்காமல் விட்டால் சாயங்காலம் செடியிலேயே விரிந்து வீணாகும். அதாவது, மல்லிகை வைப்பவர் தினமும் காலையில் கொஞ்ச நேரத்தை அதற்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பொங்கல், முகூர்த்த நாட்களில் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போவதைச் செய்தியில் பார்த்து, "நாமளும் கொல்லையில பத்து செடி வச்சா என்ன?" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அந்த விலை, பூ வரத்து குறைந்த நாட்களின் விலை. உங்கள் வீட்டுச் செடியிலும் அன்றைக்குப் பூ இருக்காது. நன்றாகப் பராமரிக்கும் தோட்டத்தில்கூட ஒரு செடி வருடம் முழுவதும் தருவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். பத்து செடி வீட்டுத் தேவைக்குத் தாராளம். வருமானம் என்று இறங்கினால் அது நிலமும் பறிப்பு ஆளும் தேவைப்படும் முழுநேர விவசாயம். கடன் வாங்குவதற்கு முன் இந்த வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

ரங்கூன் மல்லிக்குச் சந்தையில் விலை கிடையாது. அது கண்ணுக்கும் மூக்குக்கும், நிழலுக்கும்தான். அதன் விதையைப் பூச்சி மருந்து என்று யாராவது சொன்னால் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் வாந்தி, விக்கல், மயக்கம் வரும்.

கொடி வைத்தால் இவற்றைக் கவனிக்கவும்

மின் கம்பி: வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர், கம்பத்தின் இழுவைக் கம்பி, மீட்டர் பெட்டி ஆகியவற்றுக்கு அருகில் எந்தக் கொடியையும் நடாதீர்கள். மழையில் நனைந்த கொடி வழியே மின்சாரம் பாயலாம். ஏற்கெனவே ஏறிவிட்டதா? தொரட்டியோ இரும்புக் குழாயோ எடுத்து நீங்களே இழுக்க வேண்டாம். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணுக்கு, 94987 94987, எந்த நேரத்திலும் அழைக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவர்கள் அகற்றுவார்கள்.

சுவர்: பந்தலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். மழைநீர்க் குழாயில் கொடி சுற்றவும், சருகு அடைக்கவும் விடாதீர்கள்.

பாம்பு: மல்லிகை வாசனைக்குப் பாம்பு வரும் என்பது நம்பிக்கைதான். எலி, தவளை, பல்லியைத் தேடித்தான் பாம்பு வரும். அடியில் சருகும் செங்கலும் குவியாமல், தரையிலிருந்து இரண்டடிக்குக் கிளைகளை நீக்கி வைத்தால் ஒளிய இடமிருக்காது. வந்துவிட்டால் அடிக்காமல் தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.

கொசு: தொட்டியில் வளர்ப்பவர்கள் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒரு முறையாவது கொட்டிக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே முட்டையிடும்.

முடிவாக எதை வைப்பது?

நல்ல வெயில் விழுகிறது, தினமும் பூப்பறிக்க ஆள் இருக்கிறது, வீட்டில் பூ வைப்பவர்கள் உண்டு என்றால் குண்டுமல்லி வையுங்கள். இடம் குறைவென்றால் பெரிய தொட்டியிலும் வளரும்.

இருவரும் வேலைக்குப் போகிற வீடு, தண்ணீர் குறைவு, மேற்கு வெயில் சுட்டெரிக்கிறது, பந்தல் போட இடமும் வசதியும் இருக்கிறது என்றால் ரங்கூன் மல்லி பொருந்தும். வருடம் ஒரு முறை வெட்ட ஆள் வைக்கத் தயாராக இருங்கள்.

வாடகை வீடு என்றால் கொடி வேண்டாம். காலி செய்யும்போது தொட்டி மல்லிகையைக் கையோடு எடுத்துப் போகலாம், சுவரேறிய கொடியை எடுத்துப் போக முடியாது.

உதவிக்கு

செடி நோய், பூச்சித் தாக்குதல் பற்றிக் கேட்க, கட்டணமில்லா கிசான் அழைப்பு மையம் 1800-180-1551-ல் தமிழிலேயே பேசலாம். தோட்டமாக மல்லிகை பயிரிடுபவர்கள் உழவன் செயலியில் மானியத் திட்டங்களைப் பார்த்துப் பதிவு செய்யலாம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. இதற்கான சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மற்ற விவரங்களுக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை நேரில் அணுகுங்கள். போகும்போது பாதிக்கப்பட்ட இலையோடு ஒரு கிளையை எடுத்துப் போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.