களவில்லாத உளவு

மட்டக்களப்பு மாவட்டத்துக் கதிரவெளியில் பிறந்து, வாழைச்சேனைக் கோட்டுக்கு பஸ் ஏறிப் போய் வேலை பார்த்தவன் நான். ஒரு சட்டத்தரணியிடம் இருபத்தாறு வருசம் கிளாக்கர். ஐயா வாதாடுவார், நான் கட்டுக் காவுவேன் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். கோப்புக் கட்டுகளோடு நான் ஒரு சீ.ஆர். கொப்பியும் காவினேன். ஐயா வென்ற வழக்குகளில் பாதி அந்தக் கொப்பிக்குள் இருந்தது.

காலையில் அறிவித்தல் பலகையில் அன்றைய வழக்குப் பட்டியல் தொங்கும். எல்லோரும் தங்கள் இலக்கத்தைத் தேடிவிட்டு நகர்வார்கள். நான் முழுதையும் எழுதுவேன்: எந்த வழக்கு எத்தனையாம் தவணை, யார் யாருக்காகத் தோற்றுகிறார், கமிசன் பிளான் (நீதிமன்றக் கட்டளையில் நில அளவையாளர் வரையும் வரைபடம்) வந்துவிட்டதா, தவணை கேட்டது எந்தத் தரப்பு. ஐந்தாறு வருசம் போனதும் கொப்பி தானாகப் பேசத் தொடங்கியது. ஒரு எல்லை வழக்கில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தவணைக்கு மேல் தவணை கேட்டார். எங்கள் கட்சிக்காரர் சோர்ந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போக ஆயத்தமாகிவிட்டார். நான் கொப்பியைப் புரட்டிக் காட்டினேன். அதே சட்டத்தரணி அதற்கு முந்திய நாலு காணி வழக்கிலும் பிளான் கைக்கு வரும்வரை இழுத்திருந்தார். வந்த அடுத்த தவணையிலேயே இணக்கத்துக்கு இறங்கியிருந்தார். "பொறுங்க, பிளான் வரட்டும்" என்றார் ஐயா. அப்படியே நடந்தது.

நான் செய்த இந்த வேலைக்கு உலகத்தில் ஒரு பெரிய பெயர் உண்டு: போட்டி நுண்ணறிவு. எதிராளி, கட்சிக்காரர், சந்தை, நீதிமன்றம் பற்றி வெளிப்படையாகக் கிடைக்கும் தகவல்களைத் திரட்டி, முடிவெடுக்க உதவும் அறிவாக்குவது. அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்வோருக்கு 1986 இலேயே சங்கம் அமைந்துவிட்டது. அங்குள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் பலவற்றில் சட்ட நூலகர்கள் இதைச் செய்கிறார்கள். தங்கள் கட்சிக்காரக் கம்பனியின் மேல் யார் புதிதாக வழக்குப் போட்டார், போட்டி நிறுவனம் எந்தத் துறைக்கு ஆள் சேர்க்கிறது, எந்தச் சட்டமூலம் யாரைப் பாதிக்கும் என்று காலையிலேயே குறிப்பு தயாராகிவிடும். என் கொப்பி வேலையை இன்று மென்பொருள் செய்கிறது. வழக்கேடுகளை அலசும் லெக்ஸ் மெஷினா ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முளைத்தது. 2015 இல் லெக்சிஸ்நெக்சிஸ் அதை வாங்கியது. பிரான்சு 2019 இல் இதற்கு ஒரு வேலியும் போட்டது: நீதிபதிகளின் பெயரை வைத்து அவர்களின் தீர்ப்புப் போக்கைக் கணித்து ஒப்பிடுவது அங்கே குற்றம்.

எங்கள் பக்கத்தில் இப்படியான தகவலுக்குச் சுரங்கம் காணிப் பதிவகம்தான். 2004 சுனாமியிலும் 2006 போர் இடம்பெயர்விலும் கதிரவெளிச் சனத்தின் உறுதிகள் எத்தனையோ போய்விட்டன. பதிவேட்டுப் பக்கத்தைக் கடல் தொடவில்லை. அந்தப் பக்கத்தைக் கீழே வரை வாசித்தால் ஈடு வைத்தது தெரியும், ஒரே காணி இரண்டு பேருக்கு விற்கப்பட்டது தெரியும், நிலுவையில் உள்ள வழக்கு பதிவாகியிருந்தால் அதுவும் தெரியும். அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி என்றால் பிரதேச செயலகத்துப் பேரேட்டைப் பார்க்கவேணும். பாதிப் பேர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள்.

இந்த வேலையின் எல்லையையும் சொல்லவேணும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேத்தண்ணிக் கடையில் இன்னொரு கந்தோரின் கிளாக்கர் பேச்சு வாக்கில் தங்கள் கட்சிக்காரரின் கடிதப் பிரதி ஒன்றை எனக்கு நீட்டினார். வெற்றி கிடைத்த மாதிரி ஓடிவந்து ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணை அதன் பக்கம் திருப்பவில்லை. "தம்பி, இது களவு. திருப்பிக் குடுத்திட்டு வா" என்றார். பிறகு சான்றுக் கட்டளைச் சட்டத்தை எடுத்து 126, 127 ஆம் பிரிவுகளைக் காட்டினார். கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தைச் சட்டத்தரணி மட்டுமல்ல, அவருடைய கிளாக்கரும் வெளிவிடக் கூடாது. பலகையில் தொங்குவது எல்லோருக்கும் பொது, கோப்புக்குள் இருப்பது அப்படியல்ல. இந்த ஒரு கோடு தெரியாவிட்டால் நுண்ணறிவு ஒட்டுக்கேட்பாகிவிடும்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. இல்மனைற் மணல் அகழ்வுக்கு எதிராக எங்கள் பக்கத்துச் சனம் வீதிக்கு இறங்கியது பலருக்குத் தெரியும். எந்தக் கம்பனி வந்தாலும் அதன் சட்டத்தரணிகள் எங்கள் காணிப் பதிவையும் வரைபடத்தையும் வாசித்துவிட்டுத்தான் வருவார்கள். அது அவர்களின் தொழில், குற்றமில்லை. நாங்களும் அவர்களின் கடதாசியை வாசிக்கவேணும் என்பதுதான் என் வாதம். அகழ்வு அனுமதியைக் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். அதற்கான சட்டம் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம். அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. முழுச் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு தேவைப்படும் திட்டம் என்றால், அறிக்கை பார்வைக்கு இருக்கிறது என்று வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும்.

அறிவித்தல் வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். ஊருக்கு ஒரு பிள்ளை ஒரு சீ.ஆர். கொப்பியோடு அந்த அறிவித்தலைத் தேடிப் பார்க்கட்டும். முப்பத்தோராம் நாள் கூடுகிற கூட்டத்துக்கு எந்தச் சட்டத்தரணியாலும் பெரிதாக உதவ முடியாது.