மதில் பாசி இப்போ கண்ணாடி பாட்டிலில் வளருது: மலையில் பிய்த்து வந்தால் கருகும், வழக்கும் வரும்!

நாகர்கோவில்,

குமரி மாவட்டத்தில் மழை தொடங்கினால் போதும், மதில், கிணற்றுச் சுவர், ஓட்டுக்கூரை என்று எல்லா இடத்திலும் பச்சைப்பசேல் என்று பாசி பிடித்து விடும். ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொரு பருவமழை என 2 மழையும் கிடைக்கும் மாவட்டம் என்பதால் பாசிக்கு இங்கே பஞ்சமே கிடையாது. பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்த்து தள்ளும் இந்த பாசியைத்தான் இப்போது கண்ணாடி பாட்டிலில் வளர்த்து அழகு பார்க்கிறார்கள். ஆன்லைனில் பாக்கெட் போட்டு விற்பனையும் நடக்கிறது.

வழுக்குவது வேற, மெத்தை வேற

முற்றத்தில் காலை வாரி விடும் வழுவழு பாசி ஆல்கா வகையைச் சேர்ந்தது. அதை தேய்த்து கழுவத்தான் வேண்டும். வயசானவங்க வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். மதிலில் பட்டுத்துணி விரித்தது போல மெத்துமெத்தென்று இருப்பதுதான் மாஸ் எனப்படும் செடி. பள்ளிக்கூடத்தில் பியூனேரியா என்று படம் வரைந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். இதற்கு பூ, காய், விதை கிடையாது. உண்மையான வேரும் கிடையாது. நூல் போன்ற இழைகளால் பிடித்துக் கொண்டு, தண்ணீரை இலை வழியாகவே குடிக்கும். ஆனால் நடக்கிற படியில் எந்த பாசி பிடித்தாலும் விட்டு வைக்கக் கூடாது.

சட்டுவத்தால் எடுக்கலாம்

வளர்ப்பதற்கு பெரிய செலவு இல்லை. அகலமான வாய் உள்ள பழைய ஊறுகாய் பாட்டில் போதும். அடியில் 2 விரல் உயரம் சல்லி, அதன் மேல் உடைத்த சிரட்டைக்கரி, அதற்கும் மேல் மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து நனைத்து அழுத்த வேண்டும். மதிலில் இருக்கும் மாஸை பழைய தோசை சட்டுவத்தால் கொஞ்சம் மண்ணோடு சுரண்டி எடுத்து மேலே வைத்து விரலால் நன்றாக அமுக்க வேண்டும். இடைவெளி இருந்தால் காய்ந்து விடும்.

தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். மழைத்தண்ணீர்தான் நல்லது. கடற்கரை ஊர்களில் உப்பு கலந்த போர் தண்ணீரை தெளித்தால் மாஸ் நுனியில் இருந்து கருகும். வெயிலும் மழையும் மாறி மாறி பார்த்து பழகிய மதில் மாஸ் என்பதால் மூடியை இறுக்க வேண்டாம். கண்ணாடி முழுக்க நீர் முத்து முத்தாக வடிந்தால் அரை நாள் திறந்து வைக்கலாம். ஜன்னல் வெளிச்சம் போதும். நேர் வெயிலில் வைத்தால் பாட்டிலுக்குள் வெந்து போகும். உரமே வேண்டாம். மோர் ஊற்றினால் மாஸ் வளரும் என்று ஒரு கதை சுற்றுகிறது. பூஞ்சை பிடித்து நாறுவதுதான் பெரும்பாலும் மிச்சம்.

தோட்டத்தில் வைப்பவர்கள் பலா, மா மர நிழலில் மண்ணை அமுக்கி வைத்து, விழும் சருகை அவ்வப்போது எடுத்து விட வேண்டும். கோடையில் பழுப்பாகி விட்டதே என்று அவசரப்பட்டு தூக்கிப் போட்டுறாதீங்க. மதிலில் வளரும் பல வகைகள் தண்ணீர் பட்டதும் மறுபடி பச்சையாகி விடும்.

ஜப்பானில் கியோட்டோ நகரில் உள்ள சைகோஜி கோவில் தோட்டத்தில் 120 வகை மாஸ் இருப்பதாக சொல்லப்படுகிறது. 1977-ம் ஆண்டு முதல் முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் அனுமதி. பராமரிக்க காசு இல்லாமல் விட்ட காலத்தில் தானாக படர்ந்ததுதான் அங்குள்ள மாஸ் என்கிறார்கள்.

காட்டில் கை வைத்தால்...

அருவியில் குளிக்கப் போகும்போது, பாறையில் தொங்கும் மாஸை கைநிறைய பிய்த்து வரும் ஆசைதான் ஆபத்து. குளிர்ந்த மலைக்காற்றில் வளர்ந்தது நாகர்கோவில் சூட்டில் பெரும்பாலும் தாங்காது. பிய்த்த இடம் மறுபடி மூட பல வருஷம் ஆகும். மழைத்தண்ணீரை பஞ்சு போல பிடித்து வைத்து ஓடைக்கு சொட்டு சொட்டாக விடுவது இந்த மாஸ்தான். சரணாலயத்தில் அனுமதி இல்லாமல் எதை எடுத்தாலும் 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குற்றம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

நம்ம மலையில் என்னென்ன மாஸ் இருக்கிறது என்பதற்கு புத்தகமே இருக்கிறது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவ கல்லூரி தாவரவியல் ஆசிரியர் துலிப் டேனியல்ஸ், பி.டேனியலுடன் சேர்ந்து மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள மாஸ் வகைகளை பதிவு செய்து 2013-ல் வெளியிட்டார்.

ஆர்க்கிட் செடி கட்டுபவர்களுக்கு மாஸ் பாக்கெட்டுக்கு பதிலாக ஊறவைத்த கதம்பை துண்டே போதும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு பச்சை மெத்தை வேண்டும் என்பவர்கள் டிசம்பர் 2-வது வாரம் தட்டில் மண் போட்டு கேழ்வரகு விதைத்தால் பண்டிகைக்குள் முளைத்து நிற்கும்.