வீடு திரும்பியவர் வேலைக்குத் திரும்பவில்லை

கொரோனா வார்டிலிருந்து பிழைத்து வந்த சிலரைப் பற்றி ஊர்ப்பக்கம் இன்றும் ஒரு பேச்சு உண்டு. 'ஆஸ்பத்திரியிலேயே புத்தி பேதலித்துவிட்டது' என்பார்கள். 'காத்துக் கருப்பு அடித்துவிட்டது' என்று மந்திரிக்க அழைத்துப் போனவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர் கூலிக்காரர் என்றால் இன்னொரு தீர்ப்பும் தயாராக இருக்கும்: 'குடிகாரன், அதான் உளறுகிறான்.' இவை மூன்றுமே அந்த மனிதருக்குச் செய்த அநியாயம். அவருக்கு வந்தது மூளையைத் தொட்ட நோய். அதற்கு மருத்துவத்தில் பெயரும் கணக்கும் இருக்கின்றன.

கொரோனாவை நுரையீரல் நோய் என்றுதான் முதலில் நமக்குச் சொன்னார்கள். ஆனால் தொற்று தொடங்கிய வூகான் நகரிலேயே, மருத்துவமனையில் சேர்ந்த 214 பேரை ஆராய்ந்தபோது 78 பேருக்கு நரம்பு மண்டலம் சார்ந்த அறிகுறிகள் இருந்தன. 2020 மார்ச், ஏப்ரலில் அமெரிக்காவின் சிகாகோ பகுதி மருத்துவமனைகளில் சேர்ந்த 509 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 419 பேருக்குத் தசைவலி, தலைவலி, தலைசுற்றல், சுவை அல்லது வாசனை இழப்பு, நினைவுக் குழப்பம் என ஏதோ ஒன்று ஏற்பட்டிருந்தது. பக்கவாதமும் வலிப்பும் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவுதான். ஆனால் மூளையின் செயல்பாடே குழம்பிப்போனவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

கவலைப்பட வேண்டியது இந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றித்தான். மூளை குழம்பாத நோயாளிகளில் 100க்கு 89 பேர், மருத்துவமனையை விட்டுப் போகும்போது தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். குழம்பியவர்களில் அப்படிப் போனவர்கள் 100க்கு 32 பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு அன்றாட வேலைக்கே அடுத்தவர் கை தேவைப்பட்டது. சிலர் உயிரோடு திரும்பவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். நுரையீரல் தளர்ந்து ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூளை தடுமாறும். கிருமியை எதிர்க்க உடல் மூட்டுகிற அழற்சி, கட்டு மீறினால் மூளையையும் தாக்கும். ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். பல நாள் காய்ச்சலும் தூக்கமின்மையும் தனிமையும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

தனிமை என்று சும்மா சொல்லவில்லை. 14 நாடுகளில், 69 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 2,088 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சித்தம் தடுமாறியிருந்தது. நேரிலோ வீடியோ அழைப்பிலோ உறவினரைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைந்தது. குறிப்பிட்ட ஒரு வகை மயக்க மருந்து செலுத்தப்பட்டவர்களுக்கு அது கூடியது. 'ஊசி போட்டே கலக்கிவிட்டார்கள்' என்று நம் மக்கள் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. மூச்சுக்கருவியோடு கிடப்பவருக்கு மயக்க மருந்து தேவைப்படும் நேரமும் உண்டு. எதைக் கொடுக்கிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

வார்டு வாசலில் நம்மைத் தடுத்து நிறுத்திய அந்த நாட்களில் கையில் வீடியோ அழைப்புக்கான செல்போன் இருந்தவர் எத்தனை பேர்? 'இவர் எப்போதும் இப்படிப் பேசுகிறவர் இல்லை, ஏதோ ஆகிவிட்டது' என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர் வீட்டு ஆள்தான். அந்த ஆள் பக்கத்தில் இல்லாதபோது ஏழை நோயாளியின் குழப்பம் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

வீடு வந்த பிறகு இன்னொரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. சாரம் ஏறும் கட்டடத் தொழிலாளிக்கும், நாற்று நடுகிற அக்காவுக்கும், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் கை நடுங்கினால் அன்றைய கூலி இல்லை. மறதியும் சோர்வும் கண்ணுக்குத் தெரியாத ஊனங்கள். அவை 'சோம்பேறித்தனம்' என்ற பெயரில் வேலையைப் பறிக்கும். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் அறிவித்தார்கள். உயிர் பிழைத்து முடங்கியவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கொரோனாவோ வேறு கடும் காய்ச்சலோ, நோயாளி ஆள் தெரியாமல் பேசினாலும், ஓயாமல் தூங்கி வழிந்தாலும் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குழறினால் 108ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் தரும். டிஸ்சார்ஜ் சீட்டில் மூளை, நரம்பு பாதிப்பைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கவாதத்தால் கை, கால் முடங்கியவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாதது என்று அரசு மருத்துவர் சான்று அளித்தால் அந்தச் சட்டத்தின் சலுகைகளைக் கேட்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வர வேண்டும். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி வீடு திரும்பியவர் இருந்தால், அவருடைய மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். விடுபட்டதை எழுதி வாங்க அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.