திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

காஞ்சிமாநகரின் பெருமையை உரைக்கப் புகுவோர் கோயில்களையும் பட்டையும் கூறி அமைவது வழக்கம். தெருக்களைப் பற்றிக் கூறுவார் அரியர். ஆயினும் இந்நகரின் வாழ்வு பெரும்பாலும் தெருவிலேயே நடைபெறுகின்றது. பிள்ளையார்பாளையத்திலே நெசவாளர் விடியற்காலையிற் பாவினைத் தெருநீளம் விரித்துக் கட்டி, இழைகளைச் சீர்செய்து, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுப்பதைக் கண்டிராதவர் நம் மாணாக்கருள் மிகச் சிலரே. வைகாசித் திங்களில் வரதராசப்பெருமாள் கருடன்மீது எழுந்தருளிச் சின்ன காஞ்சியினின்றும் பெரிய காஞ்சிக்கு வருவதும் தெருவழியேதான். பள்ளிக்கும் கடைக்கும் கச்சேரிக்கும் செல்லும் வழியும் அதுவே. ஆகவே, ஒருவனை நோக்கி, "நீ இத்தெருவில் நடத்தல் ஆகாது" என்று விலக்குவோமாயின், நாம் அவனிடமிருந்து கவர்வது சில அடி மண்ணையன்று. கல்வியையும் தொழிலையும் முறையிடும் வாயிலையும் ஒருங்கே கவர்ந்துவிடுகின்றோம்.

இவ்வுண்மையை நன்குணர்ந்து, தெருவும் கிணறும் யாவர்க்கும் பொதுவென்று அரசாங்கத்தின் வாயினாலேயே சொல்லச் செய்தவர் ஒருவர் நம் பக்கத்து மண்ணிலே தோன்றினார். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், மதுராந்தகத்தைச் சார்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர். இரட்டைமலை என்பது தந்தையார் பெயர். 1997இல் அந்த ஜில்லா பிரிக்கப்பட்டபோது அப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்துள் அமைந்தது. 2019 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது. எல்லைக்கோடுகள் எவ்வாறு மாறினும் அவரை நம்மவர் என்று கொண்டாடுவதில் நமக்குத் தயக்கமில்லை.

அவர் பிறந்த ஜில்லாவில் தாழ்த்தப்பட்டோர் நிலை எத்தகையது என்பதை அறிய, அக்காலத்துக் கலெக்டர் திரெமென்கீர் என்பார் 1891இல் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கை ஒன்றே போதும். உழுபவன் உழும் நிலத்துக்கு உரியவனல்லன். குடியிருக்கும் மனையும் அவனுக்குச் சொந்தமன்று. கடன்பட்டவன் பண்ணையாளாகவே கட்டுண்டு கிடந்தான். அவ்வறிக்கையின் பயனாக 1892இல் பிறந்த உத்தரவினால் வழங்கப்பட்ட நிலங்களே இன்றளவும் பஞ்சமி நிலம் எனப் பேசப்படுவன. அந்நிலங்கள் பின்னர் எவர் எவர் கைக்கு மாறின என்பது தனியே எழுதத்தக்க பெருங்கதை. ஈண்டு அதனை விரிக்கின் பெருகும்.

சீனிவாசனார் கோயமுத்தூரிற் கல்வி பயின்றார். அக்கலாசாலையில் அந்நாளிற் பயின்றோர் ஏறக்குறைய 400 பேர். அவருள் பத்துப்பேர் ஒழிய ஏனையோர் அந்தணர் என்று அவரே தம் வரலாற்றிற் குறித்துள்ளார். உடன்பயில்வாருடன் நெருங்கிப் பழகினால் தம் குலமும் குடியிருப்பும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, மணி அடிக்கும் வரையில் வெளியே எங்கேனும் தனித்திருந்து, வகுப்புத் தொடங்கும் வேளையில் உட்புகுவாராம். பாடத்தைக் கண்டு அஞ்சிய மாணாக்கரை நாம் அறிவோம்; தோழமையைக் கண்டு அஞ்சிய மாணாக்கர் இவர். கல்லூரி வாழ்வின் இன்பமே நட்பு என்று ஆண்டுதோறும் இம்மலரில் எழுதிவரும் நாம், இச்செய்தியைப் படிக்குங்கால் சற்றே நின்று எண்ணுதல் தகும்.

பின்னர் நீலகிரியிற் கணக்கு வேலை பார்த்தார். சென்னைக்கு வந்து, 1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் பெயராலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். முதலிதழ் நான்கே பக்கம், விலை இரண்டணா. தொடங்குதற்கான செலவு பத்து ரூபாய். பிறர் இழிவாக வழங்கிய பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்டால், கேட்பவன் யாரென்றே தெரியாமற் போகும் என்பது அவர் கருத்து. அவர் தமக்கையை மணந்தவர் என்று கூறப்படும் அயோத்திதாசப் பண்டிதர் இவ்வகையில் உடன்பட்டாரல்லர். பண்டிதர் 1907இல் தொடங்கிய பத்திரிகைக்குத் 'தமிழன்' என்பது பெயராயிற்று. இருவரும் கருதிய பயன் ஒன்றே. சென்ற வழி வேறு. கோயமுத்தூரில் குலத்தை மறைத்துத் தனித்திருந்த அதே இளைஞர், சென்னையில் அதனைப் பத்திரிகையின் முகப்பிலேயே அச்சிட்டார் என்பதை நோக்க, அப்பெயரைத் தெரிந்தெடுத்தது எத்துணை மனத்திட்பம் என்பது விளங்கும்.

அவ்வாண்டிலேயே, இந்திய சிவில் சர்வீசுத் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்நாட்டிலும் நடத்தவேண்டும் என்னும் காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து, பார்லிமெண்டுக்கு ஒரு மனு அனுப்பினார். அதில் 3412 பேர் கையொப்பமிட்டிருந்தனர். அதன் நீளம் 112 அடி. கல்வியில் முந்தினோரே பதவிகளனைத்தையும் கொண்டு, அவற்றால் எளியோரை மேலும் ஒடுக்குவர் என்பது அவர் வாதம். நாட்டுரிமை வேட்கையுடையோர்க்கு இம்மனு இனிக்காது; நமக்கும் அதனை முற்றும் ஏற்றல் எளிதன்று. ஆயினும், ஆள்வோர் மாறுவதனாலேயே ஒடுக்கப்பட்டோன் நிலை மாறிவிடுமா என்று அவர் எழுப்பிய வினா தள்ளத்தக்கதன்று.

1900இல் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டவர், இடையிலே ஆப்பிரிக்காவில் தங்கி, தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். காந்தியடிகளுக்குத் தமிழிற் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே என்பர். 1921இல் தாயகம் மீண்டார். 1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார்.

இனி, நாம் கூறவந்த பொருளுக்கு வருவோம். 1924ஆம் ஆண்டு சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்நகரிலும் உள்ள பொதுச்சாலை, தெரு, நடைபாதை ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் நடப்பதற்குத் தடையில்லை என்பது அதன் முதற்பகுதி. பொதுக் கச்சேரி, கிணறு, குளம், பொதுமக்கள் கூடுமிடம், பொதுக்காரியம் நடைபெறும் கட்டிடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனரோ அவ்வாறே தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் பகுதி. தீர்மானம் நிறைவேறிற்று, செப்டம்பரில் அரசாங்கம் அதனை உத்தரவாக வெளியிட்டது.

இதன் சொல்லமைப்பைக் கருதுக. புதிதாக உரிமை அளிப்பதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. தடையில்லை என்பதே அதன் நடை. தெரு முன்னரே பொதுப்பணத்தால் அமைந்தது. வரி செலுத்துவோர் யாவரும் அதற்குரியர். இடையில் நின்று மறிப்பவனே உரிமையில்லாதவன் என்பது இதனாற் பெறப்படும். இரங்கிக் கேட்டலுக்கும் கணக்குக் கேட்டலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நீலகிரியில் கணக்கெழுதிய கை அன்றோ!

தீர்மானம் வேறு, சட்டம் வேறு என்பதையும் மாணாக்கர் அறிந்துகொள்ளவேண்டும். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, சட்டசபைத் தீர்மானம் அரசாங்கத்துக்குச் செய்யும் பரிந்துரையேயன்றி, மீறினோரைத் தானே தண்டிக்கும் வலியுடையதன்று. எனவே ஊர்தோறும் உத்தரவு சென்றும், தெருக்கள் ஒரேநாளில் திறந்துவிடவில்லை. ஆயினும் அதற்குமுன் மறிப்பவன் "இதுவே வழக்கம்" என்றான். நடப்பவனிடம் காட்டுதற்கு ஒன்றுமில்லை. அதன்பின் நடப்பவன் கையில் அரசாங்கத்தின் எழுத்து ஒன்று இருந்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிற்றான் திருவிதாங்கூரில் வைக்கத்துக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அங்கே தொண்டர் சிறை சென்றனர். ஈரோட்டுப் பெரியாரும் சென்றார். 1925 நவம்பரில் நம் காஞ்சியிற் கூடிய காங்கிரசு மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்படவே, பெரியார் வெளியேறினார். ஒருவர் தெருவில் நின்று போரிட்டார். மற்றவர் மன்றத்தில் அமர்ந்து எழுதினார். எது சிறந்தது என்று நம் சொற்போர்க் கழகத்தார் வாதிடட்டும்.

இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு 1930இலும் 1931இலும் டாக்டர் அம்பேத்கருடன் இவர் சென்றதும், மன்னரைக் கண்டதும் மேடைதோறும் சொல்லப்படுவன, ஆதலின் விரிக்கவில்லை. 1932 செப்டம்பரில் முடிந்த பூனா ஒப்பந்தத்தில் இவர் கையொப்பமும் உண்டு. மாகாணச் சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு அதனால் ஒதுக்கப்பட்ட 148 இடங்களுள் 30 சென்னை மாகாணத்துக்குரியன. அரசாங்கம் இவருக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அளித்தது. 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். அச்சிறு நூலை ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். இந்திய அஞ்சல்துறை 2000ஆம் ஆண்டில் இவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

1945 செப்டம்பர் 18ஆம் நாள் சீனிவாசனார் காலமானார். சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பை எடுத்துப் பார்த்தால், கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் என்று வரிசையாக வருகின்றன. படித்துறை ஒன்று நீங்கலாக ஏனைய யாவும் 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் முன்னரே இருந்தவை.